கமா சாரின் காலை நடை

சுவிட்சைப் போட்டதும் நடை மிஷின் நீளமாக ஒரு முனகல் முனகியது. நகரவில்லை. கமா சார் அதன்மேல் ஏறி நின்று, இரண்டு பக்கக் கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, காலுக்கடியில் பெல்ட் ஓடத் தொடங்கும் என்று காத்திருந்தார். பெல்ட்டுக்கு அப்படி ஓர் எண்ணமே இருப்பதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்ததும் மரியாதையாக இறங்கி, சுவிட்சை அணைத்தார்.

அன்று மாலைக்குள் அது ஓடியாக வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே அவர் மனைவி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் வர்றாங்க. அவங்க முன்னாடி மிஷின்ல கொஞ்ச நேரம் நடந்து காட்டுங்க. கொடுத்தது வீணாப் போகலைன்னு அண்ணனும் கண்ணால பார்க்கட்டும்."

"அதுக்கென்ன, நடந்தாப் போச்சு."

சொல்வதில் அவருக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை. ஆறு மாதமாக அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

கமா சாருக்கு அச்சகத்தில் வேலை. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவார். ஒரு காற்புள்ளி இடம் மாறிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பெயர்தான் கமா. பிறருடைய பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் பிழைகளைத் திருத்த அவருக்குச் சம்பளம் யாரும் கொடுக்கவில்லை என்பதால் அந்தப் பக்கம் அவர் போவதில்லை.

வேலை மதியத்துக்கு மேல்தான். காலை முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து கிடப்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் நாற்காலியிலேயே போய்விட்டார். அடுத்தது கமா சாரின் அண்ணன், அதே போல, அதே நெஞ்சுவலி. மனைவி நர்ஸ். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை தினமும் பார்க்கிறவள். டாக்டர், "தினமும் நடக்கச் சொல்லுங்கம்மா, வேற மருந்து வேண்டாம்" என்று சொன்ன அன்று அவள் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அவள் அண்ணன் ஒரு வேனில் இந்த டிரெட்மில்லை அனுப்பிவைத்தார். "புதுசு மாதிரிதான். கடையைப் பார்க்கவே எனக்கு நேரம் இல்ல. மாப்பிள்ளை நடக்கட்டும்" என்று போனில் சொன்னார். அவருக்குப் பெயிண்ட் கடை.

முதல் நாள் கமா சார் உண்மையாகவே நடக்கத்தான் நினைத்தார். குளித்துவிட்டு நடக்கலாமா, நடந்துவிட்டுக் குளிக்கலாமா என்று யோசித்ததில் நேரம் போய்விட்டது. ஈரத் துண்டைக் கைப்பிடியில் போட்டார். அன்று அவள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "நடந்தீங்களா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டபோது இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"நடந்தேன்."

அவள் விட்ட பெருமூச்சு போன் வழியாக வந்து காதில் பட்டது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். மறுநாளும் அந்தப் பெருமூச்சை அவளுக்குக் கொடுத்தார். துண்டுக்குப் பக்கத்தில் சட்டை வந்தது, சட்டைக்குப் பக்கத்தில் அவளுடைய துணிகள் வந்தன. மழைக்காலத்தில் வீட்டிலேயே அதுதான் நல்ல கொடி. அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்துவிடுவார். ஒருநாள்கூட அவர் அதன் சுவிட்சைத் தொட்டதில்லை. இன்றுதான் முதல் தடவை, அதுவும் ஒத்திகைக்காக.

ஈரம் சொட்டிச் சொட்டி உள்ளே இருக்கும் உருளை துருப்பிடித்திருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. ஒருவர் அன்போடு கொடுத்ததைத் துணி காயப்போட்டே கெடுத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் அலமாரியில் இருந்தது. பின்பக்க உருளையின் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் விட்டார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டார். கடைசியில் பொறுமை போய் பாட்டிலையே கவிழ்த்தார். எண்ணெய் உருளைக்குள் போகாமல் பெல்ட் முழுக்கப் பரவியது. சோதிப்பதற்காக மேலே ஏறியவர், மிஷின் ஓடாமலேயே நடந்தார்; நடந்தார் என்பதைவிட வழுக்கிக்கொண்டு போனார் என்பதுதான் சரி. கைப்பிடியைக் கட்டிப்பிடித்துத்தான் உயிர் பிழைத்தார்.

பெல்ட் இறுக்கமாக இருப்பதால்தான் சுற்றவில்லை என்று அடுத்ததாகத் தோன்றியது. பின்னால் இருந்த திருகாணியைத் தளர்த்தினார். எந்தப் பக்கம் திருப்பினால் தளரும் என்பதில் சின்னச் சந்தேகம் வந்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினார். திருகாணி கழன்று, எண்ணெயில் உருண்டு, அலமாரிக்கு அடியில் போய்விட்டது. அலமாரியை நகர்த்தியதில் மேலே இருந்த பூச்சாடி விழுந்தது. பூச்சாடியைப் பொறுக்கிவிட்டுத் திரும்பினால், பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வாய் கோணிய மாதிரி நின்றது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"நடந்தாச்சா?"

"ஆச்சு."

"மூச்சு வாங்குதே. ரொம்ப வேகமா நடக்காதீங்க."

"சரிம்மா."

போனை வைத்துவிட்டு அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லும்போது வராத வலி, அவள் அக்கறையாகப் பேசும்போது வந்தது.

அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிவந்தார். மிஷின் ரிப்பேர்க்காரர் வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரருக்கு டிரெட்மில் பழக்கமில்லை. ஆனால் பழக்கமில்லை என்று சொல்லும் பழக்கமும் இல்லை.

"இதுல என்ன சார் இருக்கு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல பெல்ட். சைக்கிள்தான், படுத்துக்கிட்டு இருக்கு."

உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. சுத்தியலால் செல்லமாக இரண்டு தட்டினார். மூன்றாவது தட்டில் செல்லம் இல்லை. ஓரத்து மூடி விரிசல் விட்டது.

"நீங்க தினமும் நடக்குறீங்கன்னு அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருக்காங்களே. எப்ப சார் நின்னுச்சு?"

"இன்னைக்குக் காலையில."

கடைக்காரர் உருளையைப் பார்த்தார். பிறகு கமா சாரின் வயிற்றைப் பார்த்தார்.

"உள்ள ஏதோ சிக்கியிருக்கு. எடுக்கணும்னா பெல்ட்டைக் கழட்டணும்."

"கழட்டுங்க."

"கழட்டத் தெரியாது. வெட்டலாம்."

கமா சார் யோசிப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. பெல்ட் பட்டென்று பிரிந்து சுருண்டது. அடியில், உருளையின் அச்சைச் சுற்றிக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஒரு பச்சைத் துணி இருந்தது. கடைக்காரர் குறட்டால் பிடித்து இழுத்து, வெட்டி, பிய்த்து எடுத்தார். ஓரத்தில் குஞ்சம் வைத்த சால்வையின் ஒரு பாதி.

"இதான் சார் வியாதி" என்று உருளையை விரலால் தட்டினார். அது வழவழவென்று சுற்றியது. நிற்காமல் சுற்றியது. சுற்றுவதற்குத்தான் இப்போது பெல்ட் இல்லை.

கமா சார் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காயப்போட்டதில் அவளுடைய சால்வை ஒன்று நழுவி உள்ளே போயிருக்கிறது. எதைத் தொலைத்தோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. எப்போதும் இவருடைய நெஞ்சைப் பற்றிய கவலையில் இருக்கிறவளுக்குச் சால்வையைப் பற்றி யோசிக்க நேரம் எங்கே. அதைச் சுருட்டிப் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"இப்ப நான் என்ன சொல்றது?" என்றார்.

கடைக்காரர் சாமானைப் பையில் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "நடந்து நடந்து பெல்ட் கிழிஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. கிழிஞ்சதுதானே இருக்கு."

மாலையில் மூவரும் சேர்ந்தே வந்தார்கள். மனைவி முகமெல்லாம் பூரிப்பு. மச்சான் சோபாவில் ஓரமாக உட்கார்ந்தார். அவர் மனைவி பேச்சுக் குறைந்தவர். தையல் தெரிந்தவர். உட்காருமுன் ஜன்னல் திரையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, தையல் சரியாகத்தான் இருக்கிறது என்பது போலத் தலையாட்டிக்கொண்டார்.

"வாங்கண்ணா, முதல்ல மிஷினைப் பார்க்கலாம்" என்றாள் மனைவி.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? டீ குடிச்சுட்டுப் பேசிட்டிருக்கலாம்" என்றார் மச்சான், கொஞ்சம் அவசரமாக. கமா சாருக்கு அவர்மேல் அளவில்லாத பாசம் வந்தது. வாரா வாரம் அவர் போனில், "மிஷின் எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்பார். "அருமையா ஓடுது மச்சான்" என்று இவர் சொன்னால், அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "அப்படியா. நல்லது" என்று வைத்துவிடுவார். அடக்கமான மனுஷன், கொடுத்ததைச் சொல்லிக்காட்ட விரும்பாதவர் என்று கமா சார் நினைத்துக்கொள்வார்.

ஆனால் மனைவி அதற்குள் அறைக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே பெல்ட் இரண்டாகக் கிடந்தது.

"என்னங்க இது?"

"நடந்து நடந்து... பெல்ட் கிழிஞ்சு போச்சும்மா."

மச்சானுக்கு டீ புரையேறியது. கண்ணில் நீர் வரும் அளவுக்கு இருமினார். இருமி முடித்ததும், தரையைப் பார்த்துக்கொண்டே, "நல்ல உழைப்பு, மாப்பிள்ளை" என்றார். மிஷின் போனதில் அவருக்கு வருத்தம் என்று கமா சார் எண்ணினார்.

மனைவி வந்து கமா சாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குச் சொன்னதில்லண்ணா. முன்னெல்லாம் ராத்திரி இவர் மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பார்த்துட்டுத்தான் தூங்குவேன். நடுவுல முழிச்சு முழிச்சுப் பார்ப்பேன். இந்த ஆறு மாசமாத்தான் நிம்மதியாத் தூங்குறேன். பெல்ட்டே கிழியிற அளவுக்கு எனக்காக நடந்திருக்காரு பாருங்க."

அவள் குரல் உடைந்தது. கமா சாருக்கு நெஞ்சு நிஜமாகவே வலித்தது. இதற்கு மேல் ஒரு வார்த்தை பொய் சொன்னால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. இந்தப் பிழையை இன்றே, இங்கேயே, இவர்கள் முன்னாலேயே திருத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். நெற்றியில் வியர்வை கொட்டியது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். நெற்றியின் குறுக்கே கறுப்பாகக் கிரீஸ் படிந்தது.

"என்னங்க துணி அது?" என்றாள் மனைவி.

கையைப் பார்த்தார். கைக்குட்டை இல்லை. சரி, உண்மையை இங்கிருந்தே தொடங்கலாம்.

"உருளையில சுத்திக்கிட்டு இருந்தது. இன்னைக்குத்தான் வெட்டி எடுத்தோம். உன் சால்வைதான். என்னை மன்னிச்சிடு."

அவள் அதை விரித்துப் பார்த்தாள். "என்கிட்ட பச்சைச் சால்வையே கிடையாதே."

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மச்சானின் மனைவி கையை நீட்டி அதை வாங்கினார். மச்சான், "அதை விடு, நேரமாச்சு, கிளம்பலாம்" என்று எழுந்தார். அவர் மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. குஞ்சத்தை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக நிமிர்ந்தார்.

"அட, இது என்னுது. மிஷின் வாங்கின அன்னைக்கே உள்ள இழுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் அது ஒரு சுத்துகூடச் சுத்தலைன்னுதானே இங்க அனுப்பினோம். அப்போ இத்தனை நாளா நீங்க எதுமேலண்ணே நடந்தீங்க?"