எண்பதும் எங்கள் வீட்டு டீவியும்

டீவியைப் பற்றிப் பேசுவதற்கென்றே கடவுள் ஒரு மனிதரைப் படைத்து, ஏதோ ஞாபகத்தில் அவர் கையில் இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்து மயிலாப்பூருக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'எண்பது'. வயது இல்லை, வயது அறுபத்தெட்டுதான். உலகத்தில் டீவி என்று ஒன்று உருப்படியாக இருந்தது எண்பதுகளில் மட்டும்தான், அதற்கப்புறம் வந்ததெல்லாம் கரண்டுக்குப் பிடித்த கேடு என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர், செயலாளர், போஸ்டர் ஒட்டும் தொண்டர் எல்லாம் அவரே.

எங்கள் அப்பார்ட்மெண்ட் கேட்டுக்கு இடப்பக்கம் அவர் வண்டி நிற்கும். எட்டு மணிக்குக் கரி பற்றவைப்பார். எட்டேகாலுக்கு வாதம் பற்றிக்கொள்ளும். மற்ற இஸ்திரிக்காரர்கள் வீட்டு நம்பர் போட்டுத் துணி மூட்டைகளைப் பிரித்து வைப்பார்கள். இவர் எண்பது, தொண்ணூறு, ரெண்டாயிரம் என்று கட்சிவாரியாகப் பிரிப்பார். புதிதாகக் குடிவந்த ஐ.டி. பையன் ஒருவன் பேண்ட்டும் சட்டையுமாக வந்து நின்றான்.

"நீ எந்தக் கட்சி நைனா?"

"நான் ஓட்டே போட்டதில்லண்ணா."

"அத்த யார் கேட்டா? டீவி எப்ப நல்லா இருந்துச்சு, சொல்லு."

"நான் டீவியே பாக்கறதில்ல. எல்லாம் போன்லதான்."

எண்பது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "வெச்சிட்டுப் போ. உனுக்குத் தனி மூட்டை." அந்த மூட்டைக்கு அவர் வைத்த பெயர் 'சேராதது'.

மூன்றாவது மாடி மாமி ரெண்டாயிரத்து மாமியார்-மருமகள் சீரியல்களின் தீவிர ரசிகை. அவருடைய புடவைகளுக்கு மட்டும் மடிப்பு இரண்டு விரல் தள்ளியே விழும். மாமி பால்கனியிலிருந்து கத்துவார். "என்னப்பா இது, கட்டிண்டா கோணிண்டு போறது!"

"அந்த மருமகளுங்க அழுவறதப் பாக்கறத உட்டுடுங்க மாமி. மடிப்பு தானா நேரா வந்துடும்!"

தொண்ணூறு கட்சிக்காரர் ஒருவர் கே.கே. நகருக்கு வீடு மாறிப் போனார். போன பிறகும் ஞாயிறுதோறும் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். "அங்கெல்லாம் இஸ்திரிக்காரரே இல்லையா?" என்று கேட்டேன். "இருக்கார் சார். சண்டையே போட மாட்டேங்கறார்" என்றார் வருத்தமாக.

எண்பதின் வாதம் முழுக்கக் குரல்தான். செய்தி வாசித்த அம்மாவின் குரல், கத்திரிக்காய்ப் பூச்சிக்கு மருந்து சொன்ன விவசாய அதிகாரியின் குரல், செவ்வாய்க்கிழமை நாடகத்தில் அழுத அம்மாவின் குரல் என்று ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். நடுவில் டீவி கெட்டுப்போனால், அந்த வீட்டுப் பெரியவர் அதன் தலையில் தட்டும் சத்தம் வரை வரும். "டீவிக்காரனே தடங்கலுக்கு வருந்துறோம்னு மன்னிப்பு கேட்டுக்கினு இருந்த காலம் சார் அது. இப்ப எவன் கேக்கறான்?" என்பார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட ஆபீஸுக்கு லேட்டாகிறதே என்று பார்க்காமல் நின்று கேட்பார்கள்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் அப்பார்ட்மெண்ட் சங்கத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். 'சிறந்த தொலைக்காட்சியைத் தந்தது எண்பதுகளா, தொண்ணூறுகளா, இரண்டாயிரமா?' கார் நிறுத்தும் இடத்தில் மேடை. வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியில் நான் நடுவர். எண்பதுகளுக்குப் பேச வேண்டிய ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் அன்று காலையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாயைத் திறக்காமல் கையை விரித்தார். சங்கச் செயலாளர் கேட்டுக்கு ஓடினார்.

"நானா? உள்ளயா சார்?" என்று மூன்று தடவை கேட்டாராம் எண்பது. பிறகு வீட்டுக்குப் போய், அவர் கழற்றி வைத்தாலும் தானாக நிற்கும் அளவுக்கு விறைப்பாகத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு திரும்பி வந்தார். கூடவே ஒன்பதாவது படிக்கும் பேத்தி ஹரிணி. அவளை முதல் வரிசையில் உட்கார வைத்தார். மேடைக்கு ஏறும்போது என் காதோரம் குனிந்து, "சார், ஒரே ஒரு தபா எண்பதுன்னு தீர்ப்பு சொல்லிடுங்க. பேத்தி வந்துகீது" என்றார். நானும் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

பேசினார் பாருங்கள்! துப்பறியும் நாடகத்து இன்ஸ்பெக்டர் குரல் உட்பட எல்லாக் குரலும் வந்தன. கூட்டம் கைதட்டியது, விசிலடித்தது. எனக்குக் கிடைத்த கைதட்டலைவிட அது நிச்சயம் அதிகம். அது எனக்கு உறுத்தியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பட்டிமன்ற நடுவர் என்றால் பேச்சாளரைக் கொஞ்சம் வாரிவிட வேண்டும், அதுதானே வழக்கம்? அந்த வழக்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன்: "அந்தத் துப்பறியும் நாடகத்தில் இன்ஸ்பெக்டர் பார்க்க எப்படி இருப்பார்?"

"ஆறடி ஒசரம் சார்! முறுக்கு மீசை!"

மூன்றாவது மாடி மாமிதான் முதலில் சிரித்தார். அந்த இன்ஸ்பெக்டர் மீசையே இல்லாத குள்ள மனிதர். வழுக்கை வேறு. ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் அது தெரியும். கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் மைக்கை இன்னும் கிட்டே இழுத்து, "டீவியே பார்க்காதவர் டீவிக்காக வாதாட வந்திருக்கிறார்!" என்றேன். அன்று எனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

"பாக்கல சார். கேட்டேன்" என்றார் எண்பது மெதுவாக.

"எங்கே கேட்டீங்க?" விடவில்லை நான்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. "எங்கியோ கேட்டேன் சார். உடுங்க" என்றார். அவர் காப்பாற்றியது என்னை. நான் என்ன செய்தேன்? நேரம் முடிந்தது என்று மணியை அடித்தேன். கடைசியில் தொண்ணூறுகள் என்று தீர்ப்பும் சொன்னேன்.

இந்த அப்பார்ட்மெண்ட் வருவதற்கு முன் இதே மனையில் எங்கள் தனி வீடு இருந்தது. தெருவில் முதல் டீவி எங்களுடையது. எனக்குப் பதின்மூன்று வயது. எண்பதுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவர் வண்டி எங்கள் கூடத்து ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கும். ஒரு நாள் டீவியைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் வேட்டியைத் தீய்த்துவிட்டார். "திரையை இழுத்து விடுடா" என்றார் அப்பா. அப்பா சொன்னது அந்த ஒரு நாளைக்கு. மீதி நாளெல்லாம் யாரும் சொல்லாமல் நானே இழுத்தேன். டீவி போட்டதும் ஓடிப்போய்த் திரையை இழுத்துவிட்டு வந்து உட்காருவதில் எனக்கு ஒரு ஆனந்தம். ஒரு தடவை வெளியிலிருந்து, "தம்பி, ஒரு சாண் உடேன்" என்று குரல் வந்தது. இருந்த இடுக்கையும் சேர்த்து மூடினேன். அந்தத் திரையைத் துவைத்தால் தேய்த்துக் கொடுத்ததும் அவரேதான்.

பொங்கலுக்குப் பிறகு வண்டியில் சத்தம் இல்லை. யார் எந்த வருஷத்தைச் சொன்னாலும், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றார். மூட்டைகள் வீட்டு நம்பருக்கு மாறின. கே.கே. நகர்க்காரர் இரண்டு ஞாயிறு வந்து பார்த்தார். அப்புறம் வரவில்லை. மாமி ஒரு நாள் லிஃப்டில் என்னிடம், "மடிப்பெல்லாம் நேரா வர்றது. எனக்குத்தான் என்னவோ போல இருக்கு" என்றார்.

மூன்று வாரம் தைரியம் சேர்த்துக்கொண்டு ஒரு காலையில் கீழே போனேன். "அந்தக் காலத்துல தினமும் திரையை இழுத்தது நான்தான். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"தெரியும் சார். பச்சைத் திரை. ரெண்டு துண்டு." பெட்டியை நிறுத்தாமலே பேசினார். "கல்யாணம் கட்டினப்புறம் நானும் டீவி வாங்கினேன். அப்பத்தான் அந்த மூஞ்சிங்களப் பாத்தேன். ஒண்ணும் சரியில்ல. என் மனசுல இருந்த ஆளுங்க இன்னா உயரம், இன்னா அழகு தெரியுமா? மேடையில சொன்னதும் அவங்களத்தான். அதான் சார் எண்பதுன்றேன். அது போவட்டும். 'இன்னா தாத்தா, ரீல் வுட்டியா?'ன்னு பேத்தி கேக்குது. அதுக்குத்தான் எனக்குப் பதில் இல்ல."

"நான் வந்து அவகிட்ட சொல்றேன்."

"எரநூறு பேருக்கு முன்னால சிரிச்சிட்டு, இங்க வந்து கமுக்கமா சொல்வீங்களா? அன்னிக்கு மைக்கு உங்க கையிலதான இருந்துச்சு?"

கையிலிருந்த சட்டையை மடித்து மூட்டையில் வைத்துவிட்டு அவரே, "புக்குல எழுதறீங்கல்ல, அதுல எழுதுங்க" என்றார்.

"உங்க பேர் போடட்டுமா?"

"என் பேரு எதுக்கு? எண்பதுன்னு போடுங்க. உங்க பேர மட்டும் கண்டிப்பா போடுங்க."

என் பெயரும் படமும் வழக்கம்போல இந்தப் பக்கத்தின் உச்சியில் இருக்கின்றன. இந்த வாரம்தான் அவை அங்கே இருப்பதற்கு வெட்கப்படுகிறேன்.

ஹரிணி, உன் தாத்தா ரீல் விடவில்லை அம்மா. அவரைப் பார்க்க விடாமல் செய்தவன் நான். பார்க்காமலே எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தவர் அவர். நடுவர் தீர்ப்பைத் திருத்திக்கொள்கிறேன்: எண்பதுகள்தான். இதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டு. இதிலும் அவர் நாலு தப்பு கண்டுபிடிப்பார், என்னைத் திட்டுவார். திட்டட்டும். நாளைக் காலை எட்டேகாலுக்கு, தேய்க்கத் தேவையே இல்லாத ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நான் கீழே வருவேன்.