அறைக்குள் நுழையாத குண்டு

குன்னூர்,
செவ்வாய் இரவு.

அன்பும் மரியாதையும் கலந்த பாலாமணி அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், மாமாவுக்குக்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். போனில் அனுப்பினால் அப்பா பார்த்துவிடுவார் என்பதால் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்; தபால் தாமதமாகும், நாளைக் காலை கோயம்புத்தூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிடுவேன். இங்கே குளிரும் நாங்களும் நலம். அங்கே நீங்களும் உங்கள் கோபமும் நலம் என்று நம்புகிறேன்.

அத்தை, சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா உங்களைக் குண்டு என்று சொல்லவில்லை. என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப்போக நீங்கள் பஸ் ஏறிய அன்று குடும்பக் குழுவில், "எனக்கு ரூம் ரெடியா?" என்று கேட்டீர்கள். அடுத்த நிமிடமே அப்பா, "பழைய குண்டு அறைக்குள் நுழையாது. மேலே கொழுப்பு வேறு. இனி ஒல்லியாக ஒன்று பார்க்கலாம்" என்று போட்டார். அது உங்களுக்குப் பதில் இல்லை. எதிர் வீட்டுக் கொர்னேலியஸ் அங்கிளுக்குப் போக வேண்டியது குழு மாறி வந்துவிட்டது. நீங்கள் பர்லியாற்றில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனது சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அங்கிளிடம் லைசென்ஸோடு ஒரு பழங்காலத்து ரைபிள் இருக்கிறது. கரிமருந்து போட்டுக் குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போவார். அதைத் தொட அப்பாவுக்கு அனுமதி கிடையாது. ஆலோசனை சொல்ல லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அதை மட்டும் ஓயாமல் செய்கிறார். போதாக்குறைக்கு எங்கள் குடியிருப்புத் தமிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். ஊரெல்லாம் சேம்பர், புல்லட் என்று சொன்னாலும் அவருக்கு அது அறை, இது குண்டு. தோட்டா போய் உட்காரும் இடம்தான் அறையாம். கரிமருந்து சுடச்சுடக் குழாய்க்குள் கரி அப்பிக்கொள்ளுமாம், அது இறுகாமல் இருக்க ஈயக் குண்டின் மேல் கொழுப்புத் தடவ வேண்டுமாம், அறை இறுக்கமாக இருந்தால் தடித்த குண்டு உள்ளே போகாதாம், தொளதொளவென்று இருந்தால் கோணலாகக் கிளம்பிக் குறி தப்புமாம், ஆகவே ஒல்லிக் குண்டாகப் பார்த்துக் காகிதம் சுற்றிப் போட வேண்டுமாம். ஒல்லிக் குண்டு! இந்தச் சொல்லுக்கே மன்றத்தில் அவருக்குச் சால்வை போர்த்தலாம்.

அம்மா கெஞ்சிப் பார்த்தார். "ஏனுங்க, உங்கக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"குண்டுன்னா அவளுக்கு அவ நெனப்புத்தான் வருதுன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"சாமி, அதைய மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"தமிழ் புரியாத ஊட்டுல எம்புள்ள தங்கிப் படிக்க வேண்டாம். இங்கயே படிக்கட்டும்."

அங்கிளும் உதவிக்கு வந்தார். "பாப்பா, நான் வேணா உங்க அத்தைக்கு போன் போட்டு, அந்தக் குண்டு என்னோடதுன்னு சொல்லட்டுமா?"

வேண்டவே வேண்டாம் என்று அவர் காலில் விழாத குறை.

வெள்ளிக்கிழமையோடு பிளஸ் ஒன் சேர்க்கை முடிகிறது. நீங்கள் வராவிட்டால் இரண்டு வருடம் அப்பாதான் எனக்கு இயற்பியல் ஆசிரியர். நேற்றே தொடங்கிவிட்டார். நியூட்டனின் மூன்றாம் விதி முடிந்தது. உதாரணம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படியாவது வியாழக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியோடு மன்னிப்பையும் சேர்த்துக் கொண்டுவரவும்.

உங்கள் அன்பு மருமகள்,
வனிதா

பி.கு.: அன்றைக்கு அப்பா எண்ணிலிருந்து இன்னொன்றும் வந்து உடனே அழிந்துபோனதே, "ரெண்டு படி அரிசி சேத்தி வெக்கோணும்" என்று, அதை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ரைபிளில் அரிசிக்கு ஏதாவது வேலை உண்டா என்று அங்கிளிடம் விசாரித்தேன். இல்லையாம். ஆனால் அத்தை, அதை எழுதியது அப்பா இல்லை. அப்போது அவர் போன் யார் கையில் இருந்தது என்றால்

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அம்மா