வாய் ஒத்தாசை

ஒத்தாசை செய்கிறவர்களில் பல வகை உண்டு. கேட்டால் செய்கிறவர்கள், கேட்காமலே செய்கிறவர்கள், செய்துவிட்டு ஊரெல்லாம் சொல்கிறவர்கள். இவர்களையெல்லாம் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். இன்று அறிமுகம் செய்யவேண்டியது வேறொரு இனம். நீங்கள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த உடனே ஓடிவந்து, மீதியைத் தாங்களே சொல்லி முடித்து, பேசுகிற சிரமமே உங்களுக்கு இல்லாமல் செய்துவிடுகிற புண்ணியவான்கள். வாய் ஒத்தாசைக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரியைப் பார்க்க வேண்டுமா? ஆம்பூருக்குப் பக்கத்தில், ஷூ கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிற முனையில் ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. மூன்றாம் வகுப்புக்குப் போங்கள். ஹெலன் டீச்சர் இருப்பார். நீங்கள் "வணக்கம்" என்று முடிப்பதற்குள் நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று அவரே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

பிரியாணிக் கடையில் முன்னால் நிற்பவர் "ஒரு…" என்று இழுத்தால், பின்னாலிருந்து "சிக்கன் பிரியாணி, கத்திரிக்கா ஜாஸ்தி, அதானே?" என்பார். மாதா கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தின் நடுவே மூச்சு வாங்கினால் போதும், அடுத்த வசனம் மூன்றாவது வரிசையிலிருந்து வந்துவிடும். ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்க்கும் கணவர் ஆரோக்கியசாமி கல்யாணத்துக்குப் பிறகு ஒரு வாக்கியத்தையும் முழுதாகச் சொன்னதில்லை. அதற்காக அவர் வருத்தப்படுகிறாரா? தெரியாது. அவர் பதில் சொல்ல ஆரம்பித்ததுமே, "இல்லை" என்று டீச்சரே முடித்துவிடுவார்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள், தங்கமான மனசு. பள்ளிக்கூடத்துக்குச் சாய்தளம் வேண்டுமென்று நடையாய் நடந்து, ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரும் இவர் தலையைக் கண்டாலே சிமெண்டுக்குக் கையெழுத்துப் போடுகிற நிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிடிக் கம்பியும் போட வைத்து, கண் சரியாகத் தெரியாத பையனுக்குப் பெரிய எழுத்தில் பாடம் எழுதிக் கொடுத்து, விரலில் பிடிமானம் இல்லாத பிள்ளைக்குப் பென்சிலில் துணி சுற்றிக் கொடுத்து, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சூரியபிரகாஷ் செவ்வாய்க்கிழமைகளில் வந்து எதைச் சொன்னாலும் புதன்கிழமைக்குள் செய்து முடித்துவிடுகிறவர் ஹெலன் டீச்சர். ஒன்றே ஒன்றுதான் அவரால் முடியவில்லை. காத்திருப்பது.

அந்த வகுப்பில் பூரணி என்று ஒரு பெண். படிப்பில் கெட்டி. ஆனால் பிறந்தபோது ஏற்பட்ட ஏதோ சிக்கலில் நாக்கும் உதடும் சொன்ன பேச்சை உடனே கேட்காது. ஒரு வார்த்தை தொண்டையிலிருந்து கிளம்பி உதட்டுக்கு வந்து சேர்வதற்குள் டவுன் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போய்விடும். வார்த்தை கட்டாயம் வரும். ஆனால் ஹெலன் டீச்சர் அதற்கு முன்னால் வந்துவிடுவார்.

"டீச்சர், த…" என்பாள் பூரணி.

"தண்ணியா கண்ணு? கிறிஸ்டினா, பூரணிக்குத் தண்ணி குடு!"

பூரணி கேட்க வந்தது தமிழ்ப் புத்தகம். ஆனாலும் நல்ல பிள்ளை, கொடுத்ததைக் குடித்துவிடுவாள். அந்தப் பள்ளியிலேயே அதிகம் தண்ணீர் குடித்த குழந்தை அவள்தான். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு அவசரத்துக்காக எழுந்து "டீச்சர், வெ…" என்பாள். "வெயிலா இருக்குதா? அந்த ஃபேனப் போடுடா!"

வகுப்புக்கே இது தொற்றிக்கொண்டது. பூரணிக்கு வலிக்கக்கூடாது, பூரணி கஷ்டப்படக்கூடாது என்று டீச்சர் தினமும் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளும் பெரிய மனசுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வருகைப் பதிவில் "பூரணி" என்று கூப்பிட்டால் சமீருல்லா தலைமையில் மொத்த வகுப்பும் ராகம் போட்டு "உள்ளேன் டீச்சர்!" என்று முழங்கும். கேட்கும்போதெல்லாம் ஹெலன் டீச்சருக்குக் கண் கலங்கும். என்ன ஒற்றுமை, என்ன பாசம்!

ஒரு செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் முழங்கினார்கள். டீச்சரும் கண் கலங்கி, வந்திருப்பதாகப் பதிவு போட்டார். இடைவேளையில் பூரணியின் அம்மா தீபலட்சுமி, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். பக்கத்தில் சூரியபிரகாஷும் இருந்தார்.

"டீச்சர், பூரணிக்கு இன்னிக்கு…"

"இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்காம்மா! நீ கவலயே படாத. இப்பதான் கணீர்னு உள்ளேன் சொன்னா."

தீபலட்சுமி கையை நீட்டித் தடுத்தாள்.

"டீச்சர், அவ வூட்ல ஜுரத்துல படுத்துக்கினு இருக்கா. லீவு சொல்லத்தான் வந்தேன்."

ஹெலன் டீச்சர் வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அப்ப தினம் இங்க யார்தான் பேசறது?" தீபலட்சுமிக்குக் குரல் உடைந்துவிட்டது. "வூட்ல என்கூட மணிக்கணக்கா பேசறா டீச்சர். மெதுவாத்தான் பேசுவா, ஆனா அவளா பேசுவா. இங்க அவ வந்தாலும் ஒண்ணு, வராட்டியும் ஒண்ணுன்னா எதுக்கு அனுப்பணும்? வேலூர்ல ஹாஸ்டலோட ஒரு ஸ்கூல் இருக்குதாம். புள்ளய விட்டுட்டு இருக்க எனக்கும் மனசு இல்ல. இருந்தாலும் வர்ற வருஷம் அங்கயே சேத்துடறேன்."

சூரியபிரகாஷ்தான் நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் வரைக்கும் பொறுங்கள், அங்கே எல்லோர் முன்னாலும் பூரணி தானாகப் பேசட்டும், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றார். தீபலட்சுமி அரை மனசாகத் தலையாட்டிவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள். ஹெலன் டீச்சர் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதார். அந்தக் குழந்தை மேல் அவருக்கு உயிர். அவளைத் தன் வாயாலேயே வேலூருக்குத் துரத்திவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"டீச்சர், நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் சூரியபிரகாஷ். "அவ பேச ஆரம்பிச்சா, கொஞ்சம் காத்…"

"காத்துட்டிருக்கணும், தெரியும் சார்!"

சூரியபிரகாஷ் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

வைத்தியத்தை டீச்சரே கண்டுபிடித்தார். கடலை மிட்டாய். ஒடுகத்தூர்க் கடலையில் செய்த, பல்லில் ஒட்டினால் லேசில் விடாத நல்ல கெட்டி மிட்டாய். பூரணி பேச எழுந்தால் டீச்சர் வாயில் ஒரு துண்டு, வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டு. பேசுகிறவளுக்கு மட்டும் பேசி முடித்த பிறகு. பூரணி அடிக்கடி பேச வேண்டும் என்பதில் சமீருல்லாவுக்குத் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது. முதல் நாள் "உ…" என்று அவள் தொடங்கியபோது ஹெலன் டீச்சருக்குக் கழுத்து வேர்த்தது, கால் தானாக இரண்டடி முன்னால் போனது. கடித்தார், கடித்தார், கடித்துக்கொண்டே இருந்தார். "…ள்ளேன் டீச்சர்" கடைசியில் வந்தே விட்டது. டீச்சரின் கடைவாய்ப் பல் ஒன்றும் அன்றோடு ஆட்டம் கண்டது.

வகுப்புக்குள் பேசுவது சரி. வெளி ஆட்கள் முன்னால் பேசுவாளா? கூட்டத்தன்று இரவல் நாற்காலிகளில் பெற்றோர்கள் நிறைந்திருந்தார்கள். கம்பெனியில் அனுமதி வாங்கிக்கொண்டு தீபலட்சுமி வந்து முன் வரிசையில் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெலன் டீச்சர் மிட்டாய்ப் பொட்டலத்தைத் தேடினார். பதற்றத்தில் காலையிலேயே எல்லாவற்றையும் தின்று தீர்த்திருந்தார்.

"பூரணி, உங்க டீச்சரப் பத்தி ஏதாவது சொல்லும்மா," என்றார் சூரியபிரகாஷ்.

பூரணி எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க… டீச்சர்…"

கூடம் அமைதியானது. அமைதி நீண்டது. பின் வரிசையில் ஒருவர் செருமினார். ஒரு பிள்ளையின் அப்பா புகழேந்தி, நல்ல மனுஷர், தாங்க முடியாமல் "நல்லா பாடம் எடுப்பாங்கன்னு சொல்லு பாப்பா!" என்று எடுத்துக் கொடுத்தார்.

"உஷ்!" என்று ஒரு சீறல். சீறியது ஹெலன் டீச்சர். "அவ பேசிட்டிருக்கால்ல? இன்னா அவசரம் உங்களுக்கு?"

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் தன் வாயையே பொத்திக்கொண்டார்.

"எங்க… டீச்சர்… ரொம்ப…"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களைத்தான். இப்போது மனசுக்குள் என்ன சொன்னீர்கள்? "நல்லவங்க" என்றுதானே? இல்லை, "அன்பானவங்க"? உங்களை யார் கேட்டது? அந்தக் குழந்தை கேட்டாளா?

"…ரொம்ப… பேசுவாங்க," என்று முடித்தாள் பூரணி.

கூடம் குலுங்கிச் சிரித்தது. பொத்திய கைகளுக்குப் பின்னால் ஹெலன் டீச்சரும் அழுதுகொண்டே சிரித்தார். தீபலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "இவ இங்கியே இருக்கட்டும் டீச்சர்," என்றாள். "இவ்ளோ வாய வச்சுக்கினு ஹாஸ்டலுக்குப் போனா ஒரே வாரத்துல திருப்பி அனுப்பிடுவாங்க."

பூரணி இன்னும் உட்காரவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று பொறுமையாக நின்று, மறுபடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்… எங்க… ஸ்கூல்ல…"

ஐயா, அம்மா, தயவுசெய்து இந்தத் தடவையாவது கொஞ்சம் சும்மா இருங்கள்.