மாமனாரின் எடை

“அறுபத்தஞ்சா? நல்லாப் பாரு, பிள்ள!” அடுக்களையிலிருந்து மாமியார் எலிசபெத் ஓடிவந்தாள்.

பியூலா மறுபடி பார்த்தாள். பின்கட்டு குடோனில் மிளகாய் வத்தல் மூட்டை நிறுக்கும் தராசின் மேல் மாமனார் சுவாமிதாஸ், விலை படியாத மூட்டை போல உம்மென்று நின்றார். தராசு அறுபத்தைந்துதான் என்றது.

இதய ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குக் கிளம்பும்போது அறுபத்திரண்டு. “தினமும் நிறுத்துப் பாருங்க. சட்டுன்னு ரெண்டு கிலோ கூடுனா உடம்புல நீர் கோக்குதுன்னு அர்த்தம். திரும்ப இங்க வந்து படுக்காம இருக்கணும்னா வீடே ஒண்ணுகூடிப் பாத்துக்கணும்” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வீடு ஒன்றுகூடியது. நிறுப்பது பியூலா, பத்தியச் சமையல் மாமியார், டாக்டருக்கு போன் போடுவது பியூலாவின் புருஷன் கிறிஸ்டோ. அவன் பள்ளிக்கூட வாத்தியார். வத்தல் நெடி ஆகாது, அப்பாவின் மண்டிப் பக்கமே தலைவைக்க மாட்டான்.

கிறிஸ்டோ எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினான். நீர் மாத்திரை இரட்டிப்பானது. உப்பு ஜாடி பரணேறியது. சுவாமிதாஸ் பொழுதுக்கும் கொல்லைக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

மறுநாள் குடோனில் லோடு ஏறிக்கொண்டிருந்ததால், பியூலா அவரை மண்டி வாசல் தராசில் நிறுத்தினாள். ஐம்பத்தெட்டு!

“ஏசுவே! இவுக கரையுறாகளே!” என்றாள் எலிசபெத்.

மறுபடி பூத்து. மாத்திரை நின்றது. உப்பு ஜாடி பரணிலிருந்து இறங்கியது.

மூன்றாம் நாள் வாசலில், விளைந்த வத்தலை விற்க வந்த சம்சாரிகள் கூட்டம். குடோன் தராசுக்கே போனார்கள். அறுபத்தாறு!

“ஒரே நாள்ல எட்டு கிலோவா? உடனே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு” என்று கிறிஸ்டோ டாக்சியோடு வந்தான்.

“மாமா, நெஞ்சு அடைக்குதா?”

“இல்ல தாயி.”

“மூச்சு வாங்குதா?”

“ஒண்ணுமில்ல. பேசாம ஆஸ்பத்திரிக்கே போயிருவோம்.”

உசிரே போனாலும் அந்தப் படியேற மாட்டேன் என்றவர், சபையில் நீதி நியாயம் பேசும் மூப்பர், இப்போது பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய் நடக்கிறார்!

வாசல் தராசைத் தாண்டும்போது பியூலா அவர் கையைப் பிடித்தாள். “டாக்டருக்குச் சொல்லணும். ஒரே ஒரு தரம் நிறுத்துருவோம், மாமா.”

“இதுல வேணாம்த்தா!” சுவாமிதாஸ் சம்சாரிகளைப் பார்த்தபடி திமிறினார். “டாக்சிக்காரன் காத்திருக்கான்ல!”

ஏற்றிவிட்டாள். ஐம்பத்தொன்பது.

“குடோன்லயிருந்து வாசலுக்கு வாரதுக்குள்ள ஏழு கிலோ போயிருச்சே!” எலிசபெத் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கிறிஸ்டோ ஓடிப்போய் டாக்சிக் கதவைத் திறந்தான். பியூலா விசும்பினாள்.

திருச்சுழியிலிருந்து மூட்டையோடு வந்திருந்த மாரிச்சாமி மெல்லத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அழாதீக தாயி. எங்ககிட்ட வாங்குற தராசுல ஏத்துனா முதலாளி இளைக்கத்தான் செய்வாக. குடோன்ல விக்கிற தராசு இருக்குல்ல, அதுல ஏத்துங்க, உடனே தேறிருவாக.”