தொட்டிலுக்கு நான் நடத்திய பாரச் சோதனை

படித்த படிப்பு பயன்படவில்லையே என்று ஏங்குகிறவர்களை நான் எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்: ஏங்காதீர்கள், பயன்படாமலே இருக்கட்டும். என்னுடையது ஒரே ஒருநாள் பயன்பட்டது. அதற்கே இந்தக் கதி.

நான் சிவில் இன்ஜினியர். (இதுவரை கட்டிய பாலங்கள்: பூஜ்யம்.) கல்யாணமாகி, பட்டு நெய்கிற ஊரான ஓரிக்கையில் புகுந்தேன். அடுத்த வருஷமே மகள் பிறந்தாள். அன்றிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் அவள் மேல் விழக் காத்திருப்பதாக எனக்குத் தோன்றியது. ஃபேன், காலண்டர், சுவர்ப்பல்லி, எல்லாமே.

மூன்றாம் மாதம் தொட்டில் போட நாள் குறித்தார்கள். என் மாமியாரின் (நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) முகூர்த்தப் பட்டுப்புடவையைக் கூடத்துக் கொக்கியில் கட்டி, அதில் குழந்தையைப் போடுவது அந்த வீட்டு வழக்கம். என் கணவரும் நாத்தனாரும் அதே அரக்குப் புடவையில் ஆடியவர்கள்தாம். நல்ல நேரம் பத்தரை வரை.

முந்தின நாள் மதியம் அந்தக் கொக்கியை அண்ணாந்து பார்த்தேன். கழன்றால்? குழந்தை நேராகத் தரையில். அவ்வளவுதான், பழைய நோட்டை எடுத்துவிட்டேன். புடவையும் கயிறும் நிலைச்சுமை. நாலு கிலோ குழந்தை இயங்குசுமை. ஆட்டுவதால் வரும் அதிர்வுக்காக இரண்டால் பெருக்கினேன். ஃபேனுக்காகக் காற்றுச்சுமை சேர்த்தேன். நிலநடுக்கத்தையும் விடவில்லை. (ஓரிக்கையில் பூமி நடுங்கினால் முதலில் நான்தான் நடுங்கியிருப்பேன், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) பாதுகாப்புக்காக மறுபடி இரண்டால் பெருக்கியதில் இருபத்திரண்டு கிலோ சொச்சம் வந்தது. வீட்டில் அரிசி மூட்டை இருபத்தைந்து கிலோ. தெய்வச் செயல் என்று நினைத்தேன்! என் அறிவை என்னவென்று சொல்ல.

மறுநாள் உறவுக்காரர்கள் கூடத்தில் நிறைந்திருக்க, நான் குழந்தையைக் கொடுக்காமல் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னாம்மா, நேரம் போய்க்கினு இருக்குது. கொடு பாப்பாவ" என்றார் அத்தை.

"டெஸ்ட் பண்ணாம போட முடியாது அத்தை. பாலம் கட்டினாகூட, மணல் ஏத்தின லாரிய மேல நிறுத்திப் பாத்துட்டுத்தான் ஜனங்கள விடுவாங்க."

"இது பாலமாம்மா? தொட்டிலும்மா!"

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், அழுதுவிடுவேன் என்று தெரிந்துகொண்டார், போய் மூட்டையைத் தூக்கி வந்தார். அரிசி மூட்டை பட்டுத்தொட்டிலில் படுத்தது. கொக்கி அசையவில்லை. முடிச்சு நழுவவில்லை.

"தாங்குதில்ல? எடுத்துடவா?" என்றார் கணவர்.

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"சும்மா நிக்கிற லாரி போதாதுங்க. ஓடுற லாரிக்குத்தான் அதிர்வு ஜாஸ்தி. ஆட்டிப் பாக்கணும்."

ஆட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது ஆட்டத்தில் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். புடவை நெடுக இரண்டாகப் பிளந்து, மூட்டை தரையில் மோதி வெடித்து, சந்தனக் கிண்ணத்திலிருந்து சித்தப்பாவின் சட்டைப்பை வரைக்கும் அரிசி.

கொக்கியைச் சோதித்தேன், கயிற்றைச் சோதித்தேன், முடிச்சை மூன்று தரம் சோதித்தேன். புடவையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்த பட்டு, மடிப்பு விழுந்த இடத்தில் இத்துப்போயிருக்கும். இது தெரியாத பெண் பிள்ளை இந்த ஊரில் கிடையாது, பட்டம் வாங்கிய என்னைத் தவிர.

பட்டுக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். "மடிப்ப மாத்தி மாத்தி வைக்கணும்னு வெளியூர்லேர்ந்து வர்ற கஸ்டமருக்கே தெரியுது கவிதா. நாலு கிலோவ இது தாராளமா தாங்கியிருக்கும். நீ லாரி ஓட்டிட்ட."

அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிழிந்த புடவையை, அதே மடிப்பில் அல்ல, வேறு மடிப்பில், நிதானமாக மடித்து உள்ளே வைத்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தம் நூல்புடவையை உருவி வந்தார். கொக்கியில் கட்டினார். பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போட்டார். அவள் உடனே தூங்கினாள். நான் கணக்குப் போட்ட காகிதத்தைக் கசக்கிக்கொண்டு அரிசி பொறுக்கினேன். அந்த நூல்புடவையை ஒருவரும் சோதிக்கவில்லை. அது மூன்று வருஷம் தாங்கியது.

"எங்க வீட்ல மொதல்ல தொட்டில் போட்டது இருபத்தஞ்சு கிலோ குழந்தைக்கு" என்று நாத்தனார் ஒவ்வொரு விசேஷத்திலும் ஆரம்பிப்பார். மகள் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். அவளுக்கு அது கேலி என்று புரியவில்லை, செய்முறை விளக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

போன வாரம் பள்ளியிலிருந்து அவளை அழைத்துவர நானும் அத்தையும் போயிருந்தோம். டீச்சர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்க பாப்பா ஊஞ்சல்ல மொதல்ல ஸ்கூல் பையை வெச்சு மூணு தரம் ஆட்டிட்டுத்தான் ஏறுறா. இப்ப கிளாஸ்ல எல்லாரும் பையும் கையுமா வரிசையில நிக்கிறாங்க. யாரும் ஏறதுக்குள்ள பெல் அடிச்சிடுது. யாரும்மா இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?"

நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார் அத்தை. "அவங்க அம்மா ரொம்பப் படிச்சவங்க."