பால்கனியில் ஓர் உடையாத வண்டி

“இனிமே என் வண்டி உடையாது. உடைஞ்சா பால்கனி உனக்கு.”

நான் சொன்னது இவ்வளவுதான். சொன்னது என் மனைவியிடம். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“சாட்சி யாரு?” என்றாள்.

கட்டிய புருஷனிடம் சாட்சி கேட்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டியது யோசனை. அது வரவில்லை.

வண்டி என்றால் நான் ஏறிப் போகிற வண்டி இல்லை. ரிமோட்டில் ஓடும் மான்ஸ்டர் டிரக். முழங்கால் உயரம்கூட வராது. முக்கால்வாசி டயர், மிச்சம்தான் வண்டி. இந்த வயசில் இது தேவையா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வேலை இருக்கிறது.

நான் பெட்டகம் செய்தவன். பணம், நகை வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டகம். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை தடித்த இரும்பைத் தவிர வேறு எதையும் நான் மதித்ததில்லை. பொம்மைகளை மதிக்கவே மதித்ததில்லை.

மேல் வீட்டுப் பல் டாக்டர்தான் என்னைக் கெடுத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் காலி இடத்தில் நின்றுகொண்டு, பம்பு ரூம் கூரைமேல் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கூரை விளிம்பில் ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்திருந்தார். சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லத்தான் போனேன். வண்டி கதவில் ஏறியது. கிளம்பியது. என் தலைக்கு மேலே போயிற்று. அதன் அடிவயிறு எனக்குத் தெரிந்தது. அப்புறம் சிமெண்டுத் தரையில் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி, ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிப் போயிற்று.

அந்த உயரத்திலிருந்து நான் செய்த பெட்டகத்தைப் போட்டிருந்தால் தரை போயிருக்கும். பெட்டகத்தின் கதவும் இறுகியிருக்கும். இது ஓடுகிறது. நான் திறந்த வாய் மூடாமல் நின்றேன். டாக்டர் பழக்கதோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கடைவாயில் ஒன்று எடுக்க வேண்டும் போலிருக்கிறதே என்றார்.

பல்லை எடுக்கவில்லை. வண்டி எடுத்தேன்.

முதல் தாவலிலேயே அதன் சேஸிஸ் நடுவில் விரிசல் விட்டது. சேஸிஸ் என்றால் வண்டியின் முதுகெலும்பு. மோட்டார், பேட்டரி, அச்சு எல்லாம் அந்த ஒரு தகட்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது போனால் மிச்சமெல்லாம் உதிரி. டாக்டர், மாற்றுப் பாகம் கடையில் கிடைக்கும் என்றார். கடையில் வாங்குவதா. நானா. பெட்டகம் செய்தவன் ஒரு பிளாஸ்டிக் தகட்டுக்காகக் கடை வாசலில் நிற்பதா. நானே செய்கிறேன் என்றேன். அடுத்த மாதம் இதே கூரை, இதே கதவு, இரண்டு வண்டியும் தாவட்டும், எது எழுந்து ஓடுகிறது பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டேன். கட்டடமே கேட்டது.

பால்கனி என் பட்டறை ஆயிற்று. பிடிப்புக் கருவி, ரம்பம், அரம், துளைக்கிற மெஷின். அரத்தூள் பறந்து, காயப்போட்ட துணியிலெல்லாம் துருப்புள்ளி விழுந்தது. என் பனியனில் விழுந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் புடவையில் விழுந்தபோது அவள் சொன்னாள். அந்தப் பேச்சின் முடிவில்தான் மேலே சொன்ன சபதம்.

முதலில் இரும்பு. என் கை பழகிய கனத்தில் ஒரு தகடு. அழகு என்றால் அழகு. வண்டி நகரவில்லை. மோட்டார் முக்கியது, முனகியது, புகை விட்டது. மோட்டாரை மாற்றினேன். பால்கனிப் படியிலிருந்து இறக்கிப் பார்த்தேன். சேஸிஸுக்கு ஒரு கீறல் இல்லை. நான்கு சக்கரமும் நான்கு திசையில் போயின.

“சேஸிஸ் உடையலையே” என்றேன்.

“ஆமா. அது மட்டுந்தான் மிச்சம்” என்றாள்.

பிறகு அலுமினியம். விழுந்தது, வளைந்தது, வளைந்தபடியே நின்றது. வண்டி வாழைப்பழம் மாதிரி இருந்தது. நேராக ஓட்டினால் வட்டமாகப் போயிற்று. பிறகு பிளைவுட். அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது. பெட்டகம் இருந்த இடத்தில் இருப்பது. யார் அடித்தாலும் அசையக் கூடாது. வண்டி விழுவதற்கென்றே பிறந்தது. அடி வாங்கும்போது வளைய வேண்டும். வாங்கி முடித்ததும் நேராக வேண்டும். அப்படி ஒரு பொருள் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று வீடு முழுக்கத் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். இவளுடைய பயணப் பெட்டியைத் தட்டினேன். நல்ல சத்தம் வந்தது.

“பெட்டியை ஏன் தட்டறீங்க?”

“தூசி.”

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அதே நடையில் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து அவள் பேச்சு வந்தது. யாரிடம் பேசுகிறாள் என்று சொல்ல முடியாத ஒரு பேச்சு. காய் நறுக்குகிற வெள்ளைப் பலகையைக் கழுவும்போது கை நழுவி ஜன்னல் வழியாகக் கீழே முற்றத்தில் விழுந்துவிட்டதாம். பந்து மாதிரி எகிறிற்றாம். ஒரு கீறல் கிடையாதாம்.

“உங்க அக்கா குடுத்ததுல்ல. எத்தனை தகடு போட்டாலும் இது மாதிரி நிக்காது.”

என் அக்கா ஓர் அலுவலகத்தில் கேன்டீன் நடத்துகிறவள். இந்த வயசிலும் நடத்துகிறாள். அந்தப் பலகை அவள் கேன்டீனிலிருந்து வந்தது. ஆனை காது அகலம். சமையல் மேடையில் பாதியை அது பிடித்துக்கொள்ளும். தொட்டியில் நுழையாது. அக்கா வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பலகை எங்கே என்று கேட்பாள். உலகத்தில் எனக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது அக்காதான். என் காதைத் திருகிய ஒரே கை அவளுடையது. திருக இப்போதும் வரும்.

மறுநாள் இவள் பலகையைக் கழுவி, பால்கனியில் என் பிடிப்புக் கருவிக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்தாள். வெயிலில் காயட்டும் என்றாள். கடைக்குப் போய்வர நேரமாகும் என்றாள். போனாள்.

நான் பலகையை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினேன். வளைந்தது. விட்டேன். நேராயிற்று. மறுபடி அழுத்தினேன். மறுபடி நேராயிற்று. சுத்தியலால் ஓங்கி ஒன்று வைத்தேன். சுத்தியல் என் நெற்றிக்குத் திரும்பி வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷம் இரும்போடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இந்தப் பக்கம் இதன்மேல் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ரம்பத்தை எடுத்தேன். வெட்டினேன். துளை போட்டேன். முடித்தேன். மிச்சத் துண்டுகளைக் குப்பையின் அடியில் புதைத்தேன்.

இவள் திரும்பி வந்து பலகையைக் காணோமே என்றாள். எனக்கென்ன தெரியும் என்றேன். காக்கா தூக்கிட்டுப் போயிருக்குமோ என்றாள். இருக்கும் என்றேன். அத்தோடு விட்டுவிட்டாள்.

ஒரு ஊக்கு காணாமல் போனால் கட்டிலைப் புரட்டுகிறவள் இவள். ஆனை காது அகலப் பலகையைக் காக்காய் தூக்கிப் போனதை ஒப்புக்கொண்டாள். என் மூளை அங்கேயாவது வேலை செய்திருக்கலாம். அது சேஸிஸில் இருந்தது.

போட்டி நாள் வந்தது. கட்டடமே கீழே இறங்கி நின்றது. கூட்டத்தின் முன்வரிசையில், நாற்காலி போட்டு, அக்கா.

“அவங்களை யாரு கூப்பிட்டா?” என்றேன் இவளிடம்.

“நான்தான். சாட்சி வேணும்ல.”

கை தானாகக் காதைப் பொத்தியது. ஆனால் சேஸிஸ் வண்டிக்கு அடியில் இருக்கிறது. மேலே கூடு இருக்கிறது. அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன்.

டாக்டரின் வண்டி முதலில் தாவியது. நல்ல தாவல். விழுந்த விழுகையில் படக் என்று ஒரு சத்தம். டாக்டருக்கு அந்தச் சத்தம் தொழிலில் பழக்கம். ஓடிப்போய்க் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, போயிடுச்சு என்றார், ஆளிடம் சொல்வதுபோல் மெதுவாக. அவர் சேஸிஸ் திருகு துளையிலிருந்து துளைவரை பிளந்திருந்தது.

என் முறை. முழு வேகம் கொடுத்தேன். வண்டி கதவில் ஏறியது, கிளம்பியது. இவ்வளவு உயரம் போகும் என்று நானே நினைக்கவில்லை. மூக்கு கீழே சாய்ந்தது. தரையில் மோதியது. மோதிய அந்தக் கணத்தில் பார்த்தேன், ஆயுசுக்கும் மறக்கமாட்டேன், சேஸிஸ் வில்லாக வளைந்தது. சக்கரங்கள் விரிந்தன. வயிறு தரையைத் தொட்டது. அவ்வளவுதான், தொலைந்தது என்று கண்ணை மூடப் போனேன். வில் நிமிர்ந்தது. வண்டி தன்னைத்தானே வானத்துக்கு எறிந்துகொண்டது. ஒரு கரணம் அடித்தது. நேராக அக்கா காலடியில் போய் விழுந்தது.

மல்லாந்து.

நான்கு சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு திருகுகூடக் கழலவில்லை. டாக்டர் மண்டியிட்டு, விரலால் சேஸிஸைத் தட்டி, இதென்ன சரக்கு என்று கேட்டார். கிசுகிசுப்பாகத்தான் கேட்டார். கோவிலில் கேட்பதுபோல. வெளிநாட்டிலிருந்து தருவித்தது, பெயர் சொல்லக் கூடாது என்றேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தாள். வெள்ளைத் தகடு. முழுக்கக் கத்திக் கீறல். நடுவில் பீட்ரூட் கறை. ஓரத்தில், கேன்டீனில் அவளே சூடான கரண்டியை வைத்த பிறை வடு. அந்த வடுவை விட்டு வெட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இடம்தான் உறுதியாக இருந்தது.

“டேய்” என்றாள் அக்கா. “இது என்னது?”

காது தன்னால் சூடாகியது. இவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தபடி, உதடு அசையாமல் கேட்டாள்.

“பால்கனி?”

“உடையலையே. நான்தானே ஜெயிச்சேன்.”

“சரி.” அவள் குரலை உயர்த்தினாள். “அண்ணி, ஒரு வாரமா இந்தப் பலகைய...”

“பால்கனிய எடுத்துக்கோ” என்றேன்.

“...இந்தப் பலகையப் பத்தித்தான் அண்ணி எங்க வீட்டுல பேச்சு. இரும்பு போட்டார், அலுமினியம் போட்டார், ஒண்ணும் நிக்கல. எத்தனை தகடு போட்டாலும் அண்ணி குடுத்தது மாதிரி நிக்காதுன்னு நான்தான் சொன்னேன். அவர் கைக்கு எட்டற மாதிரி நான்தான் எடுத்து வச்சேன்.”

அக்காவின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. எழுந்து நின்றாள். கேன்டீனில் அந்தப் பலகை எத்தனை மூட்டை வெங்காயம் பார்த்திருக்கிறது என்று டாக்டருக்கு விளக்க ஆரம்பித்தாள். டாக்டர் கைகட்டிக் கேட்டார். என் காது தப்பியது.

என்ன சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வண்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

சமையலறைக்குப் போனேன். மேடை காலியாக, அகலமாக இருந்தது. சுவரில் ஆணியடித்து, கைக்கு அடக்கமாக ஒரு மரப்பலகை தொங்கியது.

“இது எப்ப வாங்கினது?”

“அந்தப் பலகையை வெயில்ல வச்சேனே, அன்னைக்குக் காலையிலதான்.”

நான் பெட்டகம் செய்தவன். எந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியும். இவள் மண்டைக்குள் இருப்பதற்கு நான் இன்னும் சாவித்துளையைக்கூடப் பார்க்கவில்லை. வண்டி வானத்தில் கரணம் அடித்தபோது வாய் பிளந்தேனே, அதைவிடப் பெரிதாகப் பிளந்தேன்.

பால்கனியில் இப்போது துணி காய்கிறது. வெள்ளையாகக் காய்கிறது.

போன வாரம் அக்கா, மனம் குளிர்ந்துபோய், இன்னொரு பலகை அனுப்பினாள். பழையதைவிடப் பெரிது. இவள் அதைத் தொடவில்லை. நேராக என் கையில் கொடுத்துவிட்டாள். அண்ணி உங்களுக்குத்தான் அனுப்பியிருக்காங்க, அடுத்த வண்டிக்கு வச்சுக்கங்க என்றாள். பால்கனி இல்லாமல் எங்கே உட்கார்ந்து வெட்டுவது என்றேன். சமையலறை மூலையில் இடம் இருப்பதாகச் சொன்னாள். அந்த மூலையில் ஏற்கெனவே ஒரு கூடையும் ஒரு கத்தியும் இருந்தன.

பலகை அபாரம். எவ்வளவு வெங்காயம் நறுக்கினாலும் அசையவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர்.