பெஞ்சு ஐயர் நடத்திவைத்த கல்யாணம்

சாத்தானே நேரில் வந்திருந்தாலும், "ஏன் லா லேட்டு?" என்று கேட்டுப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார் எங்கள் பெஞ்சு ஐயர். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவரைப் போல இன்னொரு போதகர் இருந்ததில்லை. இருந்திருந்தால் சபையில் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலேயே எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். வார நாட்களில் தமிழ்ப் பள்ளி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை போதகர். இரண்டுக்கும் ஒரே கட்டடம், அதே பெஞ்சுகள், அதே அதட்டல். பிரசங்கத்துக்கு முன் போன வாரப் பிரசங்கத்திலிருந்து கேள்வி கேட்பார். பதில் தெரியாதவர் பால்மரம் வெட்டுகிறவரோ கங்காணியோ, பெஞ்சு மேல் ஏற வேண்டியதுதான். ஒருமுறை தாமதமாக வந்த வெள்ளைக்காரத் துரையையும் ஏற்றினாராம். துரைக்குத் தமிழ் தெரியாது. ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து மேலே நின்று கையசைத்தாராம். அப்பா சொன்ன கதை, பாதியைத் தள்ளிவிடலாம்.

என் கல்யாணத்தின்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பெண், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகள் மேரி. லாரி ஓட்டுகிறவனுக்குப் பெண் கொடுக்கக் கிராணிக்கு மனசே இல்லை. கல்யாணத்தை நிறுத்த ஒரு சாக்குக் கிடைக்காதா என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐயர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போன வாரம் என்ன பிரசங்கம் பண்ணேன்? சொல்லிட்டுத் தாலியக் கட்டு."

போன ஞாயிறு நான் லாரியோடு தெலுக் இந்தானில் இருந்தேன். "கெட்ட குமாரன் கதைங்கய்யா" என்று அடித்துவிட்டேன்.

"ம். மேல சொல்லு."

"பன்னி மேய்ச்சிட்டு வீட்டுக்கு வாரான். அப்பா கட்டிப் புடிச்சு அழுவுறாரு. உங்களுக்கே கண்ணு கலங்கிருச்சு ஐயா."

ஐயர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து மேரியின் குரல் வந்தது.

"போன வாரம் நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்க ஐயா. ஆராதனையே நடக்கல."

சபைக்கே தெரிந்த விஷயம், வாய் திறக்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. கிராணி எழுந்துவிட்டார். "கோயில்ல நின்னு பொய் சொல்றவனுக்கா என் பொண்ணு?"

"உக்காருங்க கிராணியாரே. இவன் பொய் சொன்னான், நான் ஆமான்னு தலையாட்டுனேன். ரெண்டு பேருக்கும் ஒரே தண்டனதான் லா."

அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினார். எனக்கும் கை கொடுத்து ஏற்றினார். ஜெபமும் அங்கிருந்தே. நான் குனிந்து மேரிக்குத் தாலி கட்டி நிமிர்ந்தபோது பெஞ்சு ஆடியது. ஐயர் என் தோளைப் பிடித்தார், நான் அவர் இடுப்பைப் பிடித்தேன். அதுவரை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தறியாத மாமனார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அவரே எங்களை இறக்கிவிட்டார்.

இப்போது நாங்கள் போவது புந்தோங்கில் ஏர்கோன் போட்ட கோயில். இளம் போதகர் தங்கமானவர், யாரையும் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. பிரசங்கம் முழுக்க நிம்மதியாகத் தூங்கலாம். மேரி குறட்டையே விடுகிறாள். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை, மனசு அந்த மனுஷனைத் தேடுகிறது.